கட்டைவிரல் சோதனை

கடைசித் திருகு சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வருவதாக இல்லை. சின்னவள் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, கத்தி முனையை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். டக்கென்று பிளாஸ்டிக் விட்டது. பின்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஒடைச்சிட்டியா?"

"இல்லப்பா. தெறந்துட்டேன்."

"ஒடைச்சுத் தெறந்தியா, தெறந்து ஒடைச்சியா?"

சாகக் கிடக்கிற மனிதருக்குக் காது மட்டும் எப்படித்தான் இவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ. ஆஸ்பத்திரியில் வைத்து இனி ஆகப்போவது ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் நிம்மதியாக இருக்க விடுங்கள் என்று டாக்டர் நேற்று அனுப்பிவிட்டார். சிறுநீரகம் கைவிட்டது, கால் கைவிட்டது, மூச்சும் விட்டு விட்டுத்தான் வருகிறது. வாய் மட்டும் விசுவாசமாகக் கூட இருக்கிறது.

தெருவில் அவருக்கு மெக்கானிக் என்றுதான் பெயர். வீட்டின் முன்னறைதான் கடை. ஆம்ப்ளிஃபையர், டிவி, இன்வெர்ட்டர் என்று உயிர்போன சாமான்களெல்லாம் அந்த மேசைக்கு வந்து உயிரோடு திரும்பிப் போகும். கொண்டுவந்தவர்கள்தான் பாதி உயிரோடு போவார்கள். குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். மெக்கானிக் குரைத்துக்கொண்டே கடிப்பவர்.

மேசைக்கு முன்னால் இரண்டு ஸ்டூல்கள். உயரமானது அவருடையது. குட்டையானது சின்னவளுடையது. பள்ளிக்கூடம் முடித்த வருஷம் அதில் உட்கார்ந்தவள், தலையில் நரை எட்டிப் பார்க்கும்வரை அதிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்கூட உயரமான ஸ்டூலில் துணியைப் போட்டு மூடி வைத்தாளே தவிர, உட்காரவில்லை.

அவர் வேலை கற்றுக்கொடுத்த விதம் ஒரு தனி விதம். நன்றாக இருக்கிற சாமானில் வேண்டுமென்றே ஒரு குறையை ஒளித்துவைப்பார். ஒயரின் மேல்தோலைக் கெடுக்காமல் உள்கம்பியை மட்டும் அறுத்துவைப்பார். சுவிட்சின் நாக்கில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி வைப்பார். அதற்கு முடிச்சு என்று பெயர். "முடிச்சு வெச்சிருக்கேன், அவிழ்" என்று அவள் முன்னால் சாமானைத் தள்ளுவார். அவிழ்க்க முடியாவிட்டால், வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "எம் பொண்ணு வைத்தியம் பாக்குறா. நோயாளி சிரிக்கிறான்."

அவிழ்த்துவிட்டால் பாராட்டெல்லாம் கிடையாது. கட்டைவிரலை எடுத்து உள்ளே போகும் ஒயரின் முனையில் வைப்பார். ஆம்ப்ளிஃபையராக இருந்தால் ஸ்பீக்கர் 'உர்ர்' என்று உறுமும். சுவரிலும் கூரையிலும் ஓடுகிற கரண்ட் கொஞ்சம் நம் உடம்பிலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த உறுமல். "மனுசன்னா என்னடி? நடமாடுற ஏரியல்" என்பார். உறுமல் சரியாக இருந்தால், "ம்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒற்றை 'ம்'முக்காக அவள் எத்தனையோ நாள் பட்டினி கிடந்திருக்கிறாள். வெட்கக்கேடு என்று அவளுக்கே தெரியும். ஆசைக்கு ஏது வெட்கம்?

இன்று காலையில் அவளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். அம்மா கால்மாட்டில் இருந்தாள். அண்ணன் நாற்காலியில் இருந்தான். நேற்று ராத்திரிதான் வெளியூரிலிருந்து வந்திருந்தான். அங்கே பெரிய ஷோரூமில் டிவி விற்கிற மேனேஜர். எதைப் பார்த்தாலும் "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்பான். அப்பாவுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். சட்டை கசங்காமல் சம்பாதிக்கிற பிள்ளை.

"அந்தப் பொம்மை ஸ்கோப் இருக்குல்ல? அதுல ஒரு முடிச்சு வெச்சிருக்கேன்" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே வெச்சது."

"எதுக்குப்பா இப்ப?"

"அவிழ்த்துக் கொண்டா. அவிழ்த்துட்டா மேசை உனக்கு. இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்தான்.

"அவிழ்க்க முடியலேன்னா?"

"அப்புறம் உன் மூஞ்சிக்கு ஒரு மேசையா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அம்மா ஓடிவந்து தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

உள்ளங்கையில் அடங்குகிற ஸ்கோப் அது. சர்க்யூட்டில் ஓடுவதைத் திரையில் அலையாகக் காட்டும். பழைய பெரிய ஸ்கோப் கண்ணை மூடிய பிறகு, இருப்பதில் மலிவானதாகப் பார்த்து வாங்கி, வாங்கின நாளிலிருந்து பொம்மை பொம்மை என்று திட்டிக்கொண்டிருந்தார். போன மாதம் இந்த மேசையில்தான் மயங்கி விழுந்தார். கையிலிருந்த ஸ்கோப்பும் கூடவே விழுந்தது. மனிதரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. விழுந்த சாமானில் எப்போது போய் முடிச்சு வைத்தார் என்று அவள் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். மேசை உனக்கு என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு யோசனை எங்கே வரும்?

திறந்து பார்த்தால் பேட்டரி ஊதிப்போய் இருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, செத்த செல்போன் ஒன்றின் பேட்டரியை ஒயர் போட்டு இணைத்தாள். சார்ஜரையும் சுவரில் செருகினாள். திரை எரிந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு கோடு. தொட்டுப் பார்க்கிற ஒயர்க்கம்பியான ப்ரோப்பின் முனையில் கட்டைவிரலை வைத்தாள். அலை வர வேண்டும். கோடு அசையவே இல்லை.

டீ கொண்டுவந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு டம்ளரோடு நின்றாள்.

"என்னடி இது, கோடு நேரா போகுது? அணைச்சுத் தொலை. பாக்கவே பயமா இருக்கு."

"அம்மா, இது வேற மெஷின்."

"எல்லாம் ஒண்ணுதான். ஆஸ்பத்திரி மெஷின்ல மலை மலையா வந்தா இருக்கார், நேரா போனா இல்லேன்னு நர்ஸ் சொன்னா. அந்தத் திரையையே பாத்துப் பாத்து எனக்குக் கண்ணே போச்சு."

அம்மா டம்ளரை வைத்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

சின்னவள் பூதக்கண்ணாடியை இழுத்தாள். ப்ரோப் செருகுகிற சாக்கெட்டின் அடியில், நடு ஊசியைச் சுற்றி ஈயம் மோதிரம்போல விரிசல் விட்டிருந்தது. பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தாள். மறுபடி கட்டைவிரல். கோடு நூலளவு நடுங்கியது. அதற்குமேல் இல்லை. ஆனாலும் ஒன்று கிடைத்துவிட்டதே! எழுந்து பின்னறைக்குப் போனாள். கதவு பாதி சாத்தியிருந்தது. அவள் தள்ளியதும் உள்ளே பேச்சு நின்றது.

"சாக்கெட்டுல ஈயம் விட்டிருக்குப்பா."

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அது விழுந்ததுல வந்தது. அதை ஒரு குருடன்கூடக் கண்டுபிடிப்பான். நான் வெச்சது அது இல்ல."

"உள்ள ஒரு தகர மூடி இருக்கு. அதுக்கு அடியிலயா?"

"வழியும் நானே சொல்லணுமா? அப்ப மேசையை எனக்கே எழுதி வெச்சுக்கறேன். போ. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ."

அண்ணன் சிரித்தான். அப்பாவுக்கு இந்த நிலைமையிலும் நகைச்சுவை போகவில்லை என்கிற மாதிரியான சிரிப்பு. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

தகர மூடியை எடுக்க வெகுநேரம் ஆனது. நாலு பக்கமும் ஈயம். ஒரு பக்கம் சூடாக்கினால் மறுபக்கம் இறுகிக்கொள்ளும். சர்க்யூட் தட்டு வளைந்துவிட்டால் எல்லாம் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள்.

"அவர் மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. வந்து பக்கத்துல உக்காரேன்."

"இதோம்மா. இப்ப கையை எடுத்தா தட்டே போயிடும்."

"அது போனாப் போகுதுடி."

"மேசையை யாரும்மா குடுப்பா? நீயா?"

அம்மா திரும்பினாள். செருப்பில்லாத பாதம் தரையில் தேய்கிற சத்தம் உள்ளே போனது.

மூடி வந்துவிட்டது. அடியில் அரிசிக் குருணை அளவில் கெப்பாசிட்டர்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு விரிசல். இதுவும் விழுந்ததில் வந்ததுதான். கையால் வைக்கிற குறை இப்படி இருக்காது. பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே அளவில் ஒன்றைப் பெயர்த்து, இடுக்கியில் பிடித்து, மூச்சுவிடாமல் உட்காரவைத்தாள். ப்ரோப் முனையில் கட்டைவிரலை வைத்தாள்.

அலை வந்தது. திரை முழுக்க, மேடும் பள்ளமுமாக, அழகாக.

ஸ்கோப் நன்றாகிவிட்டது. இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் எழுந்து உள்ளே போயிருப்பார்கள். அவள் போகவில்லை. வேலை செய்கிறது என்றால் முடிச்சு எங்கே? இதைக் கொண்டுபோய்க் காட்டினால் "நான் வெச்சது அது இல்ல" என்பார், அண்ணன் சிரிப்பான். அவள் பித்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். திரைக்குப் போகிற நாடா ஒயரைக் கழற்றி மாட்டினாள். எங்காவது நகப்பூச்சு மின்னுகிறதா என்று தட்டைச் சாய்த்துச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றும் இல்லாத இடத்தில் எத்தனை நேரம் தேட முடியுமோ அத்தனை நேரமும் தேடினாள். அம்மா இரண்டாவது தடவை கூப்பிட்டது காதில் விழுந்தது. "வர்றேன், வர்றேன்" என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவதாக வந்தது கூப்பிடுகிற சத்தம் இல்லை.

ஸ்கோப்பைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். சார்ஜர் ஒயர் மேசையோரம் மாட்டி இழுத்து, சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது; திரை அணைந்துபோனது. அப்பாவின் வாய் திறந்திருந்தது. அம்மா அவர் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் எழுந்து நின்றிருந்தான். அவன் கையில் கடைச் சாவிக்கொத்து இருந்தது. இருபது வருஷமாக அப்பாவின் இடுப்பில் தொங்கிய கொத்து.

"முடிச்சு கெடைக்கலண்ணா" என்றாள். அந்த நேரத்தில் அவள் வாயில் வந்தது அதுதான். "ரெண்டு குறை இருந்துச்சு. ரெண்டும் விழுந்ததுல வந்தது. முடிச்சை மட்டும் காணோம்."

அண்ணன் அவள் தோளில் கை வைத்தான். ஆறுதலாகத்தான் சொன்னான். அதுதான் கொடுமை.

"விடும்மா. அதுல முடிச்சே கெடையாது. என்கூடக் கொஞ்சம் தனியாப் பேசணும்னார். நீ இருந்தா கேள்வி கேப்ப, அழுவ. அந்தப் பொம்மையைக் குடுத்துட்டா சோறு தண்ணி மறந்து உக்காந்திருப்பான்னார். உன்னைப் பத்தி அவருக்கு எவ்ளோ தெரிஞ்சிருக்கு பாரு."

"என்ன பேசினார்?"

"கடையைப் பத்திதான். வாசல் போர்டை மாத்திட்டு டிவி அடுக்கலாம்னு இருக்கேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். உன்னை விட்டுடுவேனா? நீ பின்னாடி ஒரு ஓரமா உக்காந்து சர்வீஸ் பாரு."

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது என்று சொல்வார்கள். நாள் முழுக்க ஈயத்தோடு இருந்தவளுக்கு அது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. அழுகை வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த பிளக்கில் சார்ஜரைச் செருகினாள். திரை எரிந்தது; நேர்கோடு. அப்பாவின் வலது கையைத் தூக்கினாள். இன்னும் சூடு இருந்தது. கட்டைவிரல் நுனியில் பழைய சால்டரிங் தழும்பு. அந்த விரலை ப்ரோப் முனையில் வைத்து அழுத்தினாள். அவளுக்கு அந்த 'ம்' வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் விரலாவது வேண்டியிருந்தது.

அலை வந்தது. வராமல் என்ன? செத்தவன் கையும் ஏரியல்தான்.

"மலை!" என்று அம்மா கத்தினாள். "மலை மலையா வருதுடா! டேய், இருக்கார்டா! உங்கப்பா இருக்கார்!"

அண்ணன் பாய்ந்து வந்து திரையைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. "ஐயோ, ஆமா! ஹார்ட்பீட்!"

சின்னவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "அண்ணா, அது வந்து..."

"தள்ளு, தள்ளு. உனக்கென்ன தெரியும்?" என்று அவளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அப்பாவின் கையையும் ப்ரோப்பையும் அவனே பிடித்துக்கொண்டான்.

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணன் ஜன்னல் வழியாகப் பக்கத்துத் தையற்கடைக்காரரைக் கூவினான். அவர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார். அவர் பின்னால் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்த இரண்டு பெண்கள், தெருவில் போனவர்கள், எதிர்வீட்டுக்காரர்கள். அண்ணன் ஒரு கையில் போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டான். "ஆமா டாக்டர், நான் கண்ணால பாக்கறேன்! அலை நல்லா வருது! ஒடனே வாங்க!" வந்தவர்களுக்கெல்லாம் திரையைத் திருப்பிக் காட்டினான். ஷோரூமில் டிவி காட்டுகிற அதே கை.

அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பரபரவென்று தேய்த்தாள். "எழுந்திருங்க. காலையில பால் வேண்டாம்னீங்கள்ல, இப்பக் காய்ச்சித் தர்றேன். ரெண்டு வாய் குடிங்க. எங்கே போறீங்க அதுக்குள்ள?" என்று பேசிக்கொண்டே தேய்த்தாள். பேசும்போது அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. பல் தெரிகிற சிரிப்பு. அம்மா அப்படிச் சிரித்து சின்னவள் பார்த்து வருஷங்கள் ஆகின்றன.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சின்னவள் சுவரில் சாய்ந்து நின்று ஆள் சேரட்டும் என்று காத்திருந்தாள். அறை நிறைந்து, வாசலிலும் தலைகள் தெரிந்த பிறகுதான் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணா, அதைக் கொஞ்சம் கட்டில் கம்பியில வெச்சுப் பாரேன்."

"என்ன?"

"கட்டில் கம்பியில. சும்மா வெச்சுப் பாரு."

அவன் புரியாமல் ப்ரோப்பை இரும்புக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் வைத்தான். அலை வந்தது. அதே மேடு, அதே பள்ளம்.

"கட்டிலுக்கும் உசுரு இருக்காண்ணா?" என்றாள். "சுவத்துல ஓடற கரண்ட் அது. எதைத் தொட்டாலும் வரும். அப்பாகிட்ட கடையை வாங்கினியே, இதைக் கேட்டு வாங்கலையா?"

வாசலில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினார்கள். தையற்கடைக்காரர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். அண்ணனின் போனிலிருந்து டாக்டர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். அண்ணனின் முகத்தை அவள் ஆசைதீரப் பார்த்தாள். இனிப்பாகத்தான் இருந்தது. மறைத்து என்ன பயன்?

அப்புறம்தான் கால்மாட்டைப் பார்த்தாள். அம்மாவின் கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. வேகம் மட்டும் குறைந்திருந்தது. சிரிப்பு இன்னும் முகத்தில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது, கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் அம்மா.

சின்னவள் அண்ணன் கையிலிருந்த ப்ரோப்பைப் பார்த்தாள்.

"நான் காலைத் தேய்க்க ஆரம்பிச்சப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அம்மா தலையை ஆட்டினாள். விலகிக்கிடந்த போர்வையை இழுத்து அப்பாவின் பாதத்தை மூடினாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, யாரையும் ஒன்றும் சொல்லாமல் போனார். பிறகு நடக்க வேண்டியதெல்லாம் வரிசையாக நடந்தது. அண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் எல்லா ஏற்பாட்டையும் செய்தான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மத்தியானம் வண்டி வந்தது, தூக்கிக்கொண்டு போனார்கள். வீடு காலியானது. அண்ணன் போகும்போது முன்னறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் சின்னவள் பின்னறைக்கு வந்தபோது அம்மா மெத்தை எடுத்த கட்டிலின் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஸ்கோப். சார்ஜர் நேற்றிலிருந்து பிளக்கிலேயே இருந்தது. அம்மா தேடித் தடவி, சரியான பித்தானை அழுத்தினாள். மஞ்சள் கோடு வந்தது. புருஷன் செய்வதைக் கடை வாசலில் நின்று ஆயிரம் தடவை பார்த்தவள்தானே. அவரைப் போலவே ப்ரோப்பைப் பிடித்து, முனையில் கட்டைவிரலை வைத்தாள். அலை வந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ம்" என்றாள் அம்மா. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லாத்தான் செஞ்சிருக்கே. அப்படியே உங்கப்பா."

விரலை எடுத்தாள். கோடு நேராக விழுந்தது. ஸ்கோப்பைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்து, சின்னவளைத் தொடாமல் ஒதுங்கி, அடுக்களைக்குப் போனாள். பாத்திரங்களை விளக்குகிற சத்தம் வந்தது.

ப்ரோப் பலகையின் சரிவில் மெல்ல உருண்டு போய்க் கட்டில் கம்பியில் சாய்ந்து நின்றது. திரையில் மறுபடி மலை மலையாக வந்துகொண்டிருந்தது.